பழைய மொறிஸுக்கும் ஒஸ்ரினுக்கும் என்ஜிகே பிபி6ஈஎஸ் பிளக்: வன்னி ஓட்டத்துக்கு ஏற்றதா?

ஏற்றதுதான். பொயின்ற் (கொயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) போட்ட டிஸ்ரிபியூட்டரோடு ஓடும் மொறிஸ் மைனர் 1000, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் போன்ற கார்களுக்கு என்ஜிகே கொம்பனியின் சாதாரண நிக்கல் தீப்பொறி பிளக் பிபி6ஈஎஸ் (BP6ES) தாராளமாகப் போதும். இரிடியம் பிளக்குக்குப் பல மடங்கு காசு கொடுக்கத் தேவையில்லை. அந்தக் காசை கொயில் வயர், டிஸ்ரிபியூட்டர் மூடி, கொண்டென்சர் ஆகியவற்றில் போட்டால் கார் காலையில் சத்தமில்லாமல் எடுபடும்.

ஆனால் கடையில் தருவது சரியான பிளக்தானா என்று வாங்குபவர்தான் பார்க்க வேண்டும். பெயரில் உள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் பொருள் உண்டு. முதல் 'பி' என்றால் 14 மில்லிமீற்றர் புரி, 20.8 மில்லிமீற்றர் தலை. பழைய 13/16 அங்குலப் பிளக் சாவி இதற்குச் சரியாகப் பொருந்தும். அடுத்த 'பி' பீங்கான் மூக்கு புரிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதைச் சொல்கிறது. '6' வெப்ப எண்; பிளக் தன் சூட்டை எவ்வளவு கெதியாக வெளியே கடத்துகிறது என்பதைச் சொல்வது. கெதியாகக் கடத்தினால் 'குளிர்ந்த' பிளக், மெதுவாகக் கடத்தினால் 'சூடான' பிளக். 'ஈ' புரியின் நீளம், 19 மில்லிமீற்றர். 'எஸ்' செப்பு நடுக்கம்பியுள்ள சாதாரண வகை.

இதில் ஆளைக் கவிழ்ப்பது அந்த 'ஈ'. அதன் இடத்தில் 'எச்' இருந்தால் புரி 12.7 மில்லிமீற்றர்தான். முல்லைத்தீவுப் பக்கம் படகு எஞ்சினுக்கு விற்கும் பி7எச்எஸ், பி8எச்எஸ் பிளக்குகளுக்கும் இதே புரி, இதே தலை. கைக்கு எடுத்துப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும், சிலிண்டர் ஹெட்டிலும் வழுக்கிக்கொண்டு ஏறும், காரும் ஸ்ராட் ஆகும். ஆனால் தீப்பொறி அறைக்குள் எட்டாமல் துளைக்குள்ளேயே அடிக்கும். மீதிப் புரியில் கரி இறுகிவிடும்; பிறகு சரியான நீள பிளக்கை ஏற்றும்போது அந்தக் கரியில் சிக்கிப் புரி கிழியும். அதோடு படகு எஞ்சினுக்கான 7, 8 எண் பிளக் இந்தக் கார்களுக்கு மிகவும் குளிர்ந்தது, கெதியாகக் கரி பிடிக்கும். இதற்கு நேர்மாறாக, 12.7 கேட்கும் ஹெட்டில் 19 மில்லிமீற்றர் பிளக்கைப் போட்டால் முனை பிஸ்ரனிலோ வால்விலோ இடிக்கலாம். கடைக்குப் போகும்போது கழற்றிய பிளக்கையும் ஒரு அடிமட்டத்தையும் கொண்டு போங்கள். வளையம் இருக்கும் இடத்திலிருந்து புரி முடியும் இடம்வரை அளந்தால் போதும்.

வெப்ப எண்ணில் குழப்பம் வருவதற்குக் காரணம் கொம்பனிகள். என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் கூடினால் பிளக் குளிர்ந்தது. பொஷ்ஷிலும் சம்பியனிலும் எண் கூடினால் சூடானது. பிபி6ஈஎஸ் கிடைக்காவிட்டால் டென்சோ டபிள்யூ20ஈபி-யு, பொஷ் டபிள்யூ7டிசி, சம்பியன் என்9வைசி ஆகிய மூன்றில் எதையும் தயங்காமல் போடலாம். ஒரு படி சூடான பிபி5ஈஎஸ் வேண்டுமானால் அதற்குச் சமமானவை டென்சோ 16, பொஷ் டபிள்யூ8டிசி, சம்பியன் என்11வைசி. மைனரின் பழைய கைநூலில் சம்பியன் என்5 என்று இருக்கும். அதைத் தேடி அலைய வேண்டாம். பழைய டட்சன், கொரோல்லா எஞ்சின்கள் பலவற்றுக்கு 6 அல்ல, 5தான் முறையானது என்பதால் அந்தக் கார்க்காரர் தங்கள் கைநூலைப் பார்த்தே வாங்க வேண்டும்.

6 எடுப்பதா 5 எடுப்பதா என்பதை ஓட்டம்தான் தீர்மானிக்கும். பிளக்கின் மூக்கு ஏறத்தாழ 450 பாகை செல்சியசைத் தாண்டினால்தான் அதில் படியும் கரி தானாக எரிந்து போகும். 870 அளவைத் தாண்டினால் தீப்பொறி வருமுன்பே மூக்குச் சூட்டில் பெற்றோல்-காற்றுக் கலவை பற்றிக்கொள்ளும். பரந்தனுக்கும் கிளிநொச்சிச் சந்தைக்கும் மட்டும் போய்வரும் காரில் மூக்கு சூடேறுமுன்பே சாவியை நிறுத்திவிடுகிறோம். அதற்கு மேல் எஞ்சின் ஓயிலும் குடிக்கிறது என்றால் பிபி5ஈஎஸ் சற்று நிம்மதி தரும். அதே கார் வெய்யில் காலத்தில் ஆள் நிறைத்து ஏ9 றோட்டால் வவுனியாவுக்கு நிற்காமல் ஓடுமானால் 6ஐ விட்டு இறங்க வேண்டாம். 4க்கு ஒருநாளும் போகாதீர்கள். கரி பிடிப்பதற்குக் காரணம் வேறெங்கோ இருக்கும்போது சூடான பிளக்கால் அதை மூடுவது பிஸ்ரனை ஓட்டையாக்கும் வேலை.

அந்தக் காரணம் இங்கே பெரும்பாலும் தேய்ந்த பிஸ்ரன் ரிங்தான். உள்நாட்டு யுத்தத்தின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் கார்கள் கொஞ்சப் பெற்றோலில் எடுபட்டு மண்ணெண்ணெயில் ஓடின. முழுதாக ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருந்த ஓயிலைக் கழுவி, கீழே இறங்கி எஞ்சின் ஓயிலையும் தண்ணியாக்கியது. அப்படி ஓடி, அதன் பிறகு சிலிண்டர் துளையைக் கடைந்து ('போர்' அடித்து) புது ரிங் போடாத எஞ்சினில் எந்தக் கொம்பனியின் பிளக்கும் ஈரக் கறுப்பாகத்தான் வெளியே வரும். அந்தக் காலத்துப் பழக்கம் ஒன்றும் கராஜுகளில் மிச்சம் இருக்கிறது: பிளக்கைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, தணலில் சுட்டுத் திரும்பப் போடுவது. வேறு வழியில்லாத நாளில் அது காரை ஓட வைத்தது. இன்று வேண்டாம். தூரிகையின் உலோகம் வெள்ளைப் பீங்கானில் மெல்லிய சாம்பல் கோடாக ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் முனைக்குப் போகாமல் அந்தக் கோட்டால் உடலுக்கு இறங்கும். வெளியே வைத்துப் பார்த்தால் பொறி அழகாக அடிக்கும், உள்ளே அமுக்கத்தில் மிஸ் அடிக்கும் (பற்றாமல் தவறும்).

இரிடியத்தைக் குறை சொல்வதற்கில்லை. என்ஜிகே இரிடியம் ஐஎக்ஸின் நடுமுனை 0.6 மில்லிமீற்றர்தான், சாதாரண நிக்கலில் அது 2.5 மில்லிமீற்றர். மெல்லிய முனையிலிருந்து குறைந்த வோல்ற்றேஜிலேயே பொறி பாயும் என்பதால் பற்றரி தளர்ந்த காலையில் வித்தியாசம் தெரியும். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை நீண்ட ஆயுளுக்கான விலை. ஓயிலும் கரியும் மூடிக் கொல்லும் எஞ்சினில் அந்த ஆயுளை அது பார்க்கப் போவதில்லை. எஞ்சின் புதிதாக வேலை செய்யப்பட்டு, கார்பரேற்றரும் நேராக இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் வீண்.

போலிகளில் கவனம் தேவை. நல்ல பிளக்கின் வளையத்தை விரலால் இழுத்தால் கழன்று விழாது. அறுகோணத் தலையின் ஓரங்கள் வழுவழுப்பாக இருக்கும், பீங்கானில் எழுத்து நகத்தால் சுரண்டினாலும் போகாது. மேலே வளைந்து நிற்கும் பக்கமுனை நடுமுனைக்கு நேர் மேலே வர வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து ஒட்டப்பட்டிருந்தால் அந்தப் பெட்டியையே திருப்பிக் கொடுங்கள். உள்ளே மின்தடை இருப்பதைச் சொல்லும் 'ஆர்' எழுத்துள்ள பிபிஆர்6ஈஎஸ் என்றால் மல்ற்றிமீற்றரைப் பிளக்கின் உச்சியிலும் நடுமுனையிலும் வைத்துப் பாருங்கள், 5 கிலோ ஓம் அளவில் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் அது அந்தப் பிளக் அல்ல. ஆர் உள்ளதையும் பொயின்ற் காரில் போடலாம், ஓட்டத்தில் குறை வராது, ரேடியோ இரைச்சல் குறையும்.

பூட்டுவதற்கு எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். நம் கிரவல் றோட்டுப் புழுதி பிளக் குழிக்குள் மணலாகக் குவிந்திருக்கும். பிளக்கைக் கால் சுற்றுத் தளர்த்தி, சைக்கிள் பம்பால் குழியை ஊதிவிட்டுத்தான் முழுதாகக் கழற்ற வேண்டும். ஒரு சிறு கல் உள்ளே விழுந்தாலும் சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். வயரை வயரில் பிடித்து இழுக்காமல் மூடியில் பிடித்து இழுங்கள். எது எந்தச் சிலிண்டருடையது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த எஞ்சின்களின் எரி வரிசை 1-3-4-2.

இடைவெளி பெட்டியிலிருந்து வந்தபடியே சரியாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். மைனருக்கு 0.025 அங்குலம், அதாவது 0.64 மில்லிமீற்றர். பீலர் தகடு லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். பக்கமுனையை மட்டும் வளைக்க வேண்டும். நடுமுனையில் நெம்பினால் பீங்கான் உள்ளே வெடிக்கும், வெளியே தெரியாது. பெயரின் கடைசியில் 11 என்று இருந்தால் இடைவெளி 1.1 மில்லிமீற்றர்; பொயின்ற் கொயிலுக்கு அது அதிகம். பிளக்கின் உச்சியில் திருகும் சிறு நட்டைக் குறட்டால் ஒருமுறை இறுக்கிவிடுங்கள், அது தளர்ந்திருப்பதே பல மிஸ்ஸுக்குக் காரணம்.

முதல் சுற்றுகளைப் பிளக் சாவியில்லாமல் கையாலேயே ஏற்றுங்கள். கை எட்டாத இடத்தில் ஒரு துண்டுப் பெற்றோல் குழாயைப் பிளக்கின் தலையில் செருகித் திருப்பலாம்; புரி தவறினால் குழாய் வழுக்கும், ஹெட் தப்பும். வளையம் முட்டியபின் புதுப் பிளக்குக்கு அரையிலிருந்து மூன்றில் இரண்டு சுற்று, ஏற்கெனவே போட்ட பிளக்குக்குப் பன்னிரண்டில் ஒரு சுற்று. அலுமினிய ஹெட் என்றால் 25 முதல் 30 நியூட்டன் மீற்றருக்கு மேல் போக வேண்டாம். புரியில் கிறீஸ் பூசாதீர்கள், பூசினால் கைக்குத் தெரியாமல் அளவுக்கு மேல் இறுகிவிடும்.

பிளக் சொல்வதைப் படிக்க நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்ப்பதில் பயனில்லை, எல்லாம் கறுப்பாகவே தெரியும். மாங்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் இடையில் வாகனம் குறைந்த நேரம் பார்த்து, ஒரே வேகத்தில் சில கிலோமீற்றர் ஓடி, கிளச்சை மிதித்துக்கொண்டே சாவியை நிறுத்தி ஓரமாக உருண்டு நில்லுங்கள். ஸ்டியரிங் பூட்டு உள்ள காரிலோ பவர் பிரேக் உள்ள காரிலோ இதைச் செய்யக் கூடாது. ஆறிய பின் நான்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். பிஸ்கற் நிறம் என்றால் எல்லாம் சரி. நான்கும் காய்ந்த கறுப்பு என்றால் கலவையில் பெற்றோல் கூட, சொக் முழுதாகத் திரும்பவில்லையா என்று முதலில் பாருங்கள். நான்கும் வெள்ளை வெளேரென்று, மூக்கில் சிறு மணிகள் உருகி ஒட்டியிருந்தால் கலவையில் பெற்றோல் குறைவு அல்லது தீப்பொறி ரைமிங் முந்திவிட்டது. ஒன்று மட்டும் ஈரக் கறுப்பாக இருந்தால் அதைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓடிப் பாருங்கள். கறுப்பு பிளக்கோடு போனால் பிளக் பிழை. பழைய சிலிண்டரிலேயே நின்றால் பிளக் வாங்கப் போகாமல் கொம்பிறெசன் (சிலிண்டர் அமுக்கம்) பார்க்கக் கராஜுக்குப் போங்கள்.