மாத்திரையா, ஊசியா, செவ்வொளியா?

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் அம்மாயிக்கு உலர் மாகுலா சிதைவு (விழித்திரையின் நடுப்பகுதி மெல்ல நலியும் நோய்), நடுத்தரக் கட்டம் என்று கிளினிக்கில் சொன்ன அன்று மாலையே, கொழும்பு மாமா அமெரிக்க ஊசியைப் பற்றிப் போனில் பேச ஆரம்பித்துவிட்டார். பக்கத்து லயத்து அக்காவோ கரட் சாறே போதும் என்றார். எதற்கு என்ன பலன் என்று தேடிப் படித்தேன்.

மாமாவின் ஊசி உண்மையில் இரண்டு. 2023 பெப்ரவரியில் சைஃபோவ்ரி, ஓகஸ்டில் ஐசர்வே என அமெரிக்கா அனுமதித்தவை. விழித்திரையை அரிக்கும் நோயெதிர்ப்புச் சங்கிலியை முன்னது சி3 புரதத்திலும் பின்னது சி5இலும் மறிக்கின்றன. கண்ணுக்குள்ளேயே குத்த வேண்டும். ஐசர்வே மாதந்தோறும், சைஃபோவ்ரி 25 முதல் 60 நாளுக்கு ஒருமுறை. இத்தனைக்கும் கிடைப்பது, சிதைந்த திட்டு பரவும் வேகம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவது. போன பார்வை திரும்பாது. அன்றாடப் பார்வையில் பலன் தெரியவில்லை என்றுதான் ஐரோப்பிய மருந்து முகமை 2024இல் சைஃபோவ்ரியை மறுத்தது. ஊசி போட்ட கண்ணில் ஈரவகைச் சிதைவு, அதாவது புது இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசியும் வகை, வரும் வாய்ப்பும் கூடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இவை திட்டு விழுந்த கண்ணுக்கானவை. அம்மாயிக்கு அந்தத் திட்டே இன்னும் விழவில்லை! விடியுமுன் பஸ் ஏறி மாதாமாதம் கண்ணில் குத்திக்கொள்ள அவரை யார் அனுப்புவது?

அவருடைய கட்டத்துக்குச் சான்றுள்ளது மாத்திரைதான். விற்றமின் சி, ஈ, துத்தநாகம், செப்பு சேர்ந்த கலவை, நோய் முற்றும் அபாயத்தை ஐந்தாண்டுகளில் சுமார் 25 சதவீதம் குறைத்ததாக அமெரிக்க தேசியக் கண் நிறுவனத்தின் ஆய்வு 2001இல் காட்டியது. அதில் பீட்டா கரோட்டினும் இருந்தது. புகைப்பவர்களுக்கு அது நுரையீரல் புற்று அபாயத்தைக் கூட்டுவதால், 2013இன் தொடர் ஆய்வுக்குப் பிறகு அந்த இடத்தை 10 மில்லிகிராம் லூட்டீன், 2 மில்லிகிராம் சியாசாந்தின் என்ற தாவர நிறமிகள் பிடித்தன. நுவரெலியாக் கரட்டுக்கு நிறம் தருவதும் அதே பீட்டா கரோட்டின்தான். கரட் உண்பதில் தவறில்லை. ஆனால் லூட்டீன் அதிகம் இருப்பது கடும் பச்சைக் கீரைகளில். அக்காவிடம் இதைச் சொன்னேன், அவ்வளவாக ரசிக்கவில்லை.

2024 நவம்பரில் அமெரிக்கா அனுமதித்த வலீடா ஒளிச்சிகிச்சையில் ஊசி கிடையாது. மஞ்சள், சிவப்பு, அகச்சிவப்பு ஒளியை ஒன்பது அமர்வுகளாகக் காட்டி, நான்கு மாதத்துக்கு ஒருமுறை அதையே திரும்பச் செய்கிறார்கள். சோதனையில் சராசரியாக ஒரு வரி எழுத்து கூடுதலாக வாசித்தார்கள். போலிச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் கொஞ்சம் கூடியதால் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை.

மையப் பார்வை போனவர்களுக்கு மட்டும் விழித்திரைக்கு அடியில் வைக்கும் பிரிமா என்ற 2 மில்லிமீற்றர் மின்னணுச் சில்லு. ஓராண்டு தொடர்ந்த 32 பேரில் 26 பேருக்கு வாசிப்பு மேம்பட்டதாக 2025இல் வெளிவந்தது. அதுதான் என்னை வியக்கவைத்தது.

அம்மாயிக்கு மாத்திரையும், பார்வை மாற்றத்தைக் கண்டுபிடிக்கக் கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு தாளும் என்று முடிவாயிற்று. அடுப்படிக் கதவில் ஒட்டிய அந்த அம்ஸ்லர் தாளை, தேநீர் கொதிக்கும்போது ஒரு கண்ணைப் பொத்திப் பார்க்கிறார். கோடு வளைந்து தெரிந்தால் அன்றே வைத்தியரிடம் ஓட வேண்டும்; ஈரவகைக்குப் போடும் ஊசி, தாமதிக்காவிட்டால், பார்வையைக் காக்கும். மாமாவுக்குப் பிடித்த ஊசி அதுவல்ல.