குமிழ் வைத்த கார் ஸ்டீரியோ: மதுரை–தேனி ரோட்டில் நாலைந்து வருட அனுபவம்

எங்கள் காரில் இருப்பது தொடுதிரை இல்லாத சாதாரண ஸ்டீரியோ. வேலை விஷயமாக மதுரைக்கும் தேனிக்கும் ஓட்டிக்கொண்டே இருக்கிறேன், மாற்றத் தோன்றவில்லை. காரணம் அதில் இருக்கும் ஒரு குமிழ்தான். காளவாசலில் ஷேர் ஆட்டோ குறுக்கே ஒடித்தால் கண் ரோட்டிலேயே இருக்கும், கை தானாகப் போய்ச் சத்தத்தைக் குறைத்துவிடும். மைத்துனர் காரில் பெரிய திரை. அதைப் பார்த்துத்தான் தொட முடியும். 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி பார்த்தால், அதற்குள் கார் 33 மீட்டர் போயிருக்கும்.

அந்தத் திரையை மாட்டிய கடைக்காரர், "ஓட்டும்போதும் படம் ஓடும்ணே, ஒரு வயரை பாடியில தட்டிவிட்டாப் போதும்" என்றார். அது ஹேண்ட்பிரேக் வயர். வண்டி நிற்கும்போது மட்டும் படம் தெரிய வேண்டும் என்றுதான் அதை வைத்திருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

ரேடியோவுக்கு வருகிறேன். ஊருக்குள் 103.3 ஆகாசவாணி, 98.3, 93.5 எல்லாம் நன்றாக எடுக்கும். உசிலம்பட்டி தாண்டினால் இரைச்சல் கூடும். கோடை பண்பலை 100.5 மட்டும் அசராது. எஃப்எம் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போவது. கொடைக்கானல் உயரத்திலிருந்து வருவதால் சமவெளி முழுக்க அதற்குத் திறந்த வெளிதான். அதனால் முதல் பட்டனில் 100.5, அடுத்தடுத்து மற்றவை. புறப்படும் முன்பே பதிந்துவைத்தால் வழியில் தடவித் தேட வேண்டியதில்லை.

நடுவில் கொஞ்ச நாள் எல்லா நிலையத்திலும் 'உஸ்' சத்தம். ஆன்டெனாவை மாற்றச் சொன்னார்கள். சிகரெட் லைட்டர் துளையில் இருந்த மலிவு போன் சார்ஜரைக் கழற்றியதும் நின்றுவிட்டது. ஆன்டெனாவுக்குச் செலவு செய்யும் முன் இதைப் பாருங்கள்.

பெட்டியில் '50 வாட் × 4' என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். இந்த மாதிரி செட்டில் ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து கிடைப்பது 15, 20 வாட்தான். முக்கால் பங்குக்கு மேல் ஏற்றினால் குரல் கிழியும், ட்வீட்டர் (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) கருகவும் வாய்ப்புண்டு. நான் பாஸை (அடித்தொண்டை ஒலி) இரண்டு புள்ளி குறைத்து, முன்-பின் ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பிரிக்கும் ஃபேடரை முன்பக்கம் தள்ளியிருக்கிறேன். பின்சீட்டில் அம்மா தூங்கலாம். கண்ணாடி ஏற்றி ஏசி போட்டிருந்தாலும் ஆம்புலன்ஸ் சைரன் காதில் விழும் அளவுக்கு மேல் வைப்பதில்லை.

வயரிங்கில் ஒன்று மட்டும்: மஞ்சள் வயரில் எப்போதும் பேட்டரி கரண்ட் வரும், சிவப்பு வயரில் சாவி திருப்பினால் மட்டும். சாவி இல்லாமலும் பாட வேண்டும் என்று இரண்டையும் சேர்த்து முறுக்கிவிடுகிறார்கள். அப்புறம் ஒரு வாரம் நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்கி வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.

குறை இல்லாமலில்லை. மதியம் திருமங்கலம் பக்கம் போனால் வெயிலில் டிஸ்பிளே எழுத்தே தெரியாது. புளூடூத் மைக் சுத்த மோசம், எதிர்முனையில் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கிறதாம். போன் வந்தால் செக்கானூரணியில் ஒரு டீக்கடை பார்த்து நிறுத்தித்தான் பேசுகிறேன்.