சுவர் இல்லாத அறையில் மூன்று ராத்திரி: செயின்ட் லூசியா ஜேட் மவுன்டன்

கரீபியன் கடலில் இருக்கிற செயின்ட் லூசியா தீவில், ஜேட் மவுன்டன் என்ற ஓட்டலின் அறைக்குள் கால் வைத்ததும் என் வீட்டுக்காரி கடலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள், நான் சுவரைத் தடவிப் பார்த்தேன். தொழில் பழக்கம். அப்பா காலத்திலிருந்து எங்களுக்குச் சுண்ணாம்புப் பூச்சு வேலைதான். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று பழைய செட்டிநாட்டு வீடுகளைப் புதுப்பிக்கிற வேலையை எடுத்துச் செய்கிறேன், அதனால் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் கை முதலில் சுவருக்குத்தான் போகும். அந்தச் சுவர் நம் பூச்சு மாதிரி வழுவழுவென்று இல்லை. சொரசொரப்பாக, லேசான இளஞ்சிவப்பில் இருந்தது. பவளக்கல்லைப் பொடித்துக் கலந்த பூச்சாம். நாம் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்குகிறோம், அவர்கள் பவளக்கல்லை எடுத்துக்கொள்கிறார்கள், இரண்டுமே கடல் கொடுத்ததுதான். மூன்று பக்கமும் தடவி முடித்து நான்காவது பக்கம் திரும்பினால் அங்கே சுவரே இல்லை.

கதவு இல்லை, கண்ணாடி இல்லை. தரை நேராகப் போய் ஒரு நீச்சல் குளத்தில் முடிகிறது, குளத்தின் விளிம்பு வானத்தில் முடிகிறது, அதற்கு அப்பால் கடலிலிருந்து செங்குத்தாக எழும்பி நிற்கும் இரண்டு மலைகள். யுனெஸ்கோ கணக்கில் குரோ பிட்டன் 770 மீட்டர், பெத்தி பிட்டன் 743 மீட்டர். எரிமலை விட்டுப்போன மலைகள். 2004-ல் யுனெஸ்கோ இந்த இடத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம் செட்டிநாட்டு ஊர்களும் 2014-லிருந்து யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன, அது தனிக் கதை.

எங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்கு டொரண்டோவில் இருக்கிற மகளும் மாப்பிள்ளையும் ஏற்பாடு செய்த பயணம் இது. டொரண்டோவிலிருந்து அஞ்சு மணி நேர விமானம், தீவின் தெற்கே வியூ ஃபோர்ட்டில் இறங்க வேண்டும். எங்கள் பெட்டி ஒன்று மறுநாள்தான் வந்தது, விமானக் கம்பெனிக்காரர்களோடு பேசியே ஒரு காலை வீணானது, அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. அங்கிருந்து சூஃப்ரியர் என்ற பழைய ஊருக்கு ஒரு மணி நேரம் காரில், ஏற்காடு ஏறுகிற மாதிரி வளைந்து வளைந்து. தீவு மொத்தமே 617 சதுர கிலோமீட்டர்தான், ஆனால் மேடும் பள்ளமுமாக இருப்பதால் பெரிய ஊர் மாதிரி தெரிகிறது. வழி நெடுக மாமரமும் ஈரப்பலாவும் வாழையும். வீட்டுக்காரி, "என்னங்க, நம்ம ஊர்ப்பக்கம் நல்லா மழை பெஞ்சா இப்படித்தான இருக்கும்" என்றாள்.

ஜேட் மவுன்டனை வரைந்து கட்டியவர் நிக் ட்ரூபெட்ஸ்கோய் என்ற கட்டடக் கலைஞர். கட்டியவரும் அவரே, சொந்தக்காரரும் அவரே. கீழே கடற்கரையில் ஆன்ஸ் ஷாஸ்தனே என்ற ஓட்டலை 1974-லிருந்து நடத்தியவர், அங்கேயே வருஷக்கணக்காக இருந்து காற்று எங்கிருந்து வருகிறது, மழை எந்தப் பக்கம் அடிக்கிறது, வெயில் எப்போது எங்கே விழுகிறது என்று பார்த்துப் பழகிய பிறகுதான் மேலே குன்றில் இதைக் கட்டி 2006-ல் திறந்தார். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பழைய செட்டிநாட்டு வீட்டை உற்றுப் பார்த்தால் கட்டியவன் அந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவன் என்பது தெரியும், வெயிலை உள்ளே விடாமல் வெளிச்சத்தை மட்டும் விட்டிருப்பான். இங்கேயும் அது தெரிந்தது.

வெளியிலிருந்து பார்த்தால் அழகான கட்டடம் என்று எல்லாரும் சொல்ல மாட்டார்கள். உயரமான கான்கிரீட் தூண்கள், அவற்றுக்குக் கல் போர்த்தியிருக்கிறார்கள், ஒவ்வொரு அறைக்கும் தனியாக ஒரு பாலம் போகிறது. ஓட்டல் என்றால் நீளமாக ஒரு நடைகூடம், ரெண்டு பக்கமும் கதவு, நம்பர் பலகை என்றுதானே பார்த்திருக்கிறோம். இங்கே அந்த நடைகூடமே கிடையாது. பாலத்தில் ஏறினால் அது உங்கள் அறைக்கு மட்டும்தான் போகும். பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள் என்று மூன்று நாளும் எங்களுக்குத் தெரியாது, திறந்து கிடக்கிற அறையாக இருந்தும் ஒருவர் பார்வை இன்னொருவர் மேல் படாதபடி ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சம் திருப்பி வைத்திருக்கிறார். கோணத்தைக் கணக்குப் போட்ட மனுஷன் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருந்தது.

உள்ளே பதினைந்து அடி உயரக் கூரை, தலைக்கு மேலே ஃபேன், கட்டிலைச் சுற்றிக் கொசுவலை. டிவி கிடையாது. ஏசியும் கிடையாது, அது தேவைப்படவும் இல்லை. தரையில் கயானா காடுகளில் வளர்கிற கிரீன்ஹார்ட், பர்ப்பிள்ஹார்ட் மாதிரி வன்மரங்களைக் கலந்து போட்டிருக்கிறார்கள். பர்ப்பிள்ஹார்ட் என்பது நிஜமாகவே கத்தரிப்பூ நிறம், சாயம் இல்லை, மரத்தின் நிறமே அதுதான். பர்மா தேக்கையே பார்த்து வளர்ந்த எனக்கு அந்தத் தரையில் மண்டி போட்டு விரலால் இணைப்புகளைத் தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நல்ல தச்சு வேலை.

குளத்துக்கு வருகிறேன். கலிபோர்னியாவில் செய்த கண்ணாடிச் சில்லுகளை உள்ளே பதித்திருக்கிறார்கள், ஒவ்வொரு அறைக் குளத்துக்கும் ஒரு நிறம். எங்களுடையது காலையில் மயில் கழுத்து நிறத்தில் இருந்தது, பன்னிரண்டு மணிக்குப் பச்சை, சாயங்காலம் சூரியன் நேர் எதிரே கடலில் இறங்கும்போது செம்புக் குடத்தை விளக்கி வைத்த மாதிரி. நம் ஆத்தங்குடியில் தரைக்குப் போடுகிற பூக்கல் செய்ய, கண்ணாடித் தகட்டின் மேல் சாயத்தை ஊற்றி, அதன் மேல் சிமெண்டும் வாரி மணலும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துக் காய வைப்பார்கள், சூளையே கிடையாது. கல்லைப் புரட்டிக் கண்ணாடியைப் பிரித்து எடுத்ததும் அந்தப் பளபளப்பு அப்படியே கல்லில் தங்கியிருக்கும். அங்கே கண்ணாடி பளபளப்பைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது, இங்கே கண்ணாடியே தங்கிவிடுகிறது. குளத்தில் இறங்காமல் படியில் உட்கார்ந்து இதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் ராத்திரி மழை வந்தது. இதைத்தான் நான் முக்கியமாக எழுத நினைத்தேன். தூக்கத்தில் முதலில் மண் வாசனை, அப்புறம் சத்தம். படபடவென்று எழுந்து உட்கார்ந்தேன், கட்டில் நனைந்துவிடும், பெட்டியை உள்ளே இழுக்க வேண்டும் என்று. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. கூரை நன்றாக முன்னால் நீண்டு வந்து குளத்தின் மேலும் பாதி கவிந்திருக்கிறது, காற்று தீவின் கிழக்கிலிருந்து வருகிறது, கட்டடம் மேற்கே பார்த்து, முதுகைக் காற்றுக்குக் காட்டி நிற்கிறது. மழை முழுக்கக் குளத்தின் வெளிப்பாதியில் விழுந்துகொண்டிருந்தது. ஈரக்காற்று மட்டும் கொசுவலையை லேசாகத் தள்ளியது. வீட்டுக்காரி எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஆத்தா வீட்டு முத்தம் மாதிரி இருக்குங்க" என்றாள்.

அவள் சொன்னது அவ்வளவு சரி. நம் செட்டிநாட்டு வீட்டு வளவில், அதாவது முற்றம் இருக்கிற உள்கட்டில், நடுவே கூரை கிடையாது, சுற்றித் தாழ்வாரம். ஐப்பசி மழையில் நாலு பக்க ஓட்டிலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் கொட்டும், அண்டாவையும் கிடாரத்தையும் வைத்துப் பிடிப்பார்கள், பத்தடி தள்ளித் தாழ்வாரத்தில் பாய் விரித்துப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும், ஒருத்தர் மேலும் தண்ணீர் படாது. நாம் கூரையைத் திறந்தோம், அவர் சுவரைத் திறந்திருக்கிறார். நமக்குத் தூசியும் அனல் காற்றும் உண்டு, அதனால் வெளியே மூடிக்கொண்டு உள்ளே திறந்தோம். அவருக்கு ஈரக்காற்றும் கடலும் மலையும், அதனால் உள்ளே மூடி வெளியே திறந்தார். வானிலையை வீட்டுக்குள் விருந்தாளியாக உட்கார வைக்கிற வித்தை ரெண்டு ஊருக்கும் தெரிந்திருக்கிறது. பணக்கார ஓட்டல் என்றால் பளிங்கும் சரவிளக்கும்தான் என்று நினைத்திருந்தேன், இங்கே காசு வாங்குவது காற்றுக்கும் மழைச் சத்தத்துக்கும்தான், கொடுக்கலாம் என்றே தோன்றியது.

கடற்கரை பற்றி. ஜேட் மவுன்டன் குன்றின் மேல் இருக்கிறது, கடற்கரை கீழே ஆன்ஸ் ஷாஸ்தனேயில், வண்டியில் இறக்கி விடுகிறார்கள். போஸ்டரில் பார்க்கிற வெள்ளை மணல் இங்கே இல்லை, எரிமலை மணல், சாம்பலும் கறுப்புமாக. வெள்ளை மணல்தான் வேண்டும் என்பவர்கள் வேறு தீவுக்குப் போகலாம். ஆனால் கரையிலிருந்து சில கஜத்திலேயே பவளப் பாறை ஆரம்பித்துவிடுகிறது, முகமூடியைப் போட்டுக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்தாலே போதும். நீச்சல் தெரியாத என் வீட்டுக்காரி இடுப்பளவு தண்ணீரில் மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு கிளி மீனைப் பார்த்துவிட்டு வந்தாள், இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். மகளும் மாப்பிள்ளையும் கீழே ஆன்ஸ் ஷாஸ்தனேயில்தான் தங்கினார்கள். வாடகை கணிசமாகக் குறைவு, அங்கேயும் காற்றோட்டமான அறைகள். கடலை ஒட்டி இருக்க வேண்டும் என்றால் அதுவே நல்லது.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். கீழே எமரால்ட்ஸ் என்று சைவத்துக்கென்றே ஓர் உணவகம் இருக்கிறது, காய்கறி பெரும்பாலும் அவர்கள் தோட்டத்திலிருந்தே வருகிறது. கொக்கோவும் அவர்கள் தோட்டத்ததுதான், சாக்லேட் அங்கேயே செய்கிறார்கள், கசப்பு தூக்கலாக நன்றாக இருக்கிறது. இந்த ஊர்க்காரர்களின் தேசிய உணவு வாழைக்காயும் உப்புக் கண்டமிட்ட மீனும். வாழைக்காயை அவர்கள் பச்சை அத்தி என்கிற பொருளில் கிரீன் ஃபிக் என்கிறார்கள். கருவாடு பிடிக்கிறவர்கள் விடக்கூடாது. வடக்கே பக்கத்துத் தீவு மார்த்தினிக்கில் ஒரு மசாலாப் பொடிக்குப் பெயரே கொலம்போ. 1850-களிலிருந்து புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய நம் சனங்கள் கொண்டுபோனது. மல்லியும் சீரகமும் மஞ்சளும் கடுகும் வெந்தயமும், முகர்ந்து பார்த்தால் வீட்டு அடுப்படி. செயின்ட் லூசியாவுக்கும் 1859-லிருந்து இந்தியக் கூலிகள் வந்திருக்கிறார்கள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வட்டிக்கடை வைக்கப் போனவர்கள் கட்டிய வீடுகளில்தான் நான் வேலை பார்க்கிறேன், கூலியாகப் போனவர்களுக்கு அப்படி வீடு எதுவும் மிஞ்சவில்லை, இந்தப் பொடி மிஞ்சியிருக்கிறது. அதை நினைத்துக் கொஞ்ச நேரம் சாப்பிட முடியவில்லை.

போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. படிகள் அதிகம், முட்டி வலி உள்ளவர்கள் முன்பே சொல்லி வசதியான அறையாகக் கேளுங்கள். குளிக்கிற இடம் அறையோடு சேர்ந்தே திறந்து கிடக்கும், தனிக் கதவு இல்லை, கணவன் மனைவிக்குச் சரி, அப்பா அம்மாவை ஒரே அறையில் தங்க வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். சின்னப் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை, கைப்பிடி இல்லாத குள விளிம்பைப் பார்த்தால் அது நியாயம்தான். சுவர் இல்லாததால் சிட்டுக்கள் உள்ளே வந்து போகும், சாப்பாட்டைத் திறந்து வைக்கக்கூடாது. ஜூனிலிருந்து நவம்பர் வரை புயல் காலம். வாடகை ஓர் இரவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல், டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை இன்னும் ஏறும். எங்களால் ஆகிற காசு இல்லை, பிள்ளைகள் கொடுத்தது. மூன்று ராத்திரிக்கு மேல் தேவையும் இல்லை.

ஊருக்குத் திரும்பிய மறுநாளே வேலைக்குப் போய்விட்டேன். நாங்கள் இப்போது பார்க்கிற வீட்டை ஓட்டலாக மாற்றுகிறார்கள். நூறு வருஷத்துக்கு மேலான வீடு, வளவுத் தூண்களெல்லாம் தேக்கு. வீட்டின் சொந்தக்காரருக்கு ஒரே யோசனை, முற்றத்துக்கு மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடி, சுற்றிக் கண்ணாடி வைத்து மொத்த வளவுக்கும் ஏசி போட்டுவிட வேண்டும், விருந்தாளிகள் அதைத்தான் கேட்பார்கள் என்று. இந்தப் பக்கம் நிறைய வீடுகளில் இப்படிச் செய்கிறார்கள். மூடினால் சூடு மேலே ஏறிப் போக வழியில்லாமல் தங்கிவிடும், அப்புறம் ஏசி இல்லாமல் உட்காரவே முடியாது. ஈரம் சுவரிலேயே நின்று முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைத்த பூச்சு உப்பி உரிய ஆரம்பிக்கும். அப்பா கூழாங்கல்லால் நாள் முழுக்கத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவர்களை நான் பார்த்திருக்கிறேன், விளக்கைப் பக்கத்தில் கொண்டுபோனால் சுடர் சுவருக்குள் தெரியும். அது கொப்புளம் கொப்புளமாக விழுவதைப் பார்க்க மனசு வராது.

போனில் எடுத்திருந்த மழை வீடியோவை எங்கள் கொத்தனாரிடம் காட்டினேன். என்னைவிட மூத்தவர், அப்பாவோடு வேலை பார்த்தவர். ரெண்டு தடவை பார்த்துவிட்டு, "சொவரே இல்லாம இருக்கே தம்பி, இதுக்கா அவ்வளவு குடுத்து வர்றாங்க?" என்றார். ஆமாண்ணே, இதுக்குத்தான் என்றேன். அப்புறம் அதே வீடியோவை வீட்டின் சொந்தக்காரருக்கும் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை, வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னார். ஷீட் கட்டு இன்னும் முகப்பில்தான் சாய்த்து வைத்திருக்கிறது. வருகிற ஐப்பசியில் நல்ல மழை நாளாகப் பார்த்து ஆச்சியையும் அழைத்துக்கொண்டு ஒரு ராத்திரி அந்த வளவில் வந்து படுங்கள், அப்புறம் முடிவு பண்ணலாம் என்று கேட்டிருக்கிறேன். வருகிறேன் என்றிருக்கிறார்.