சிபி4 பம்ப் உள்ள டீசல் பிக்கப்: கிட் போடுவதா, பம்பையே மாற்றுவதா?

அமெரிக்காவில் பழைய டீசல் பிக்கப் வாங்கப் போகிறவர்கள் ஓடிய மைலையும் அடிப்பக்கத் துருவையும் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, டீசலை அதிக அழுத்தத்தில் இன்ஜினுக்குத் தள்ளும் ஹை பிரஷர் பம்ப் அதில் எந்த ரகம் என்பது. 2011 முதல் 2016 வரை வந்த ஜிஎம் டியூராமேக்ஸ் (எல்எம்எல் இன்ஜின்), 2011இல் தொடங்கிய ஃபோர்டு 6.7 பவர்ஸ்ட்ரோக், 2019, 2020 ராம் 6.7 கம்மின்ஸ் ஆகிய மூன்றிலும் போஷ் நிறுவனத்தின் சிபி4 வரிசையைச் சேர்ந்த சிபி4.2 பம்ப் வந்தது. அதற்கு முந்தைய டியூராமேக்ஸிலும் கம்மின்ஸிலும் இருந்தது அதே போஷின் சிபி3.

சிபி3இல் மூன்று பிஸ்டன்கள். அவற்றின் அடிப்பாகம் தட்டையானது, தட்டையான முகத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். பிஸ்டன் தன் இடத்திலேயே கொஞ்சம் திரும்பினாலும் கெடுதல் இல்லை. சிபி4.2இல் இரண்டே பிஸ்டன்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு ரோலர், கேம் எனும் சுழலும் தண்டின் மேட்டின் மேல் உருண்டு ஓடும். எடை குறைவு, 2,000 பார் வரை அழுத்தம் தரும். ஆனால் ரோலரைத் தாங்கும் டாப்பெட் தன் அச்சில் திரும்பிவிட்டால், ரோலர் உருளாமல் கேமைக் குறுக்கே சுரண்ட ஆரம்பிக்கும். அப்படி உதிரும் உலோகப்பொடி டீசலோடு கலந்து ரெயில் (அழுத்த டீசல் தேங்கும் குழாய்), இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை), ரிட்டர்ன் லைன், டேங்க் என்று எல்லா இடத்துக்கும் போய்விடும். அழுத்தம் சரிந்ததும் இன்ஜின் நின்றுபோகும், அது நெடுஞ்சாலை வேகத்திலும் நடக்கலாம். அந்த நேரத்தில் ஸ்டீயரிங் கனத்துவிடும், பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் ஓரிரு மிதியோடு தீர்ந்துவிடும். பின்னால் டிரெய்லர் இருந்தால் நிலைமை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஏன் இப்படி? இந்தப் பம்புக்குத் தனி ஆயில் கிடையாது, டீசல்தான் மசகு. அமெரிக்காவில் 2006இல் வந்த 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் 15 பங்கு) கந்தக டீசல் காற்றுக்கு நல்லது. ஆனால் கந்தகத்தை நீக்கும் அதே முறை டீசலின் வழவழப்பையும் குறைக்கிறது, அதைச் சேர்மானம் போட்டு ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. தேய்மானச் சோதனையில் விழும் வடு பெரிதானால் வழவழப்பு குறைவு என்று பொருள்; ஐரோப்பா அனுமதிக்கும் வடு 460 மைக்ரான், அமெரிக்கா அனுமதிப்பது 520. டீசலில் காற்றுக் குமிழி சேர்ந்தாலும் இதே சிக்கல்தான். எல்எம்எல் வண்டிகளில் டேங்கிலிருந்து டீசலைத் தள்ளிக் கொடுக்கும் எலக்ட்ரிக் லிஃப்ட் பம்ப் இல்லை, உறிஞ்சித்தான் இழுக்க வேண்டும். ஃபோர்டு 6.7இல் லிஃப்ட் பம்ப் உண்டு.

எல்லா சிபி4உம் உடைந்துவிடாது, நெடுங்காலம் ஓடிய வண்டிகளும் இருக்கின்றன. ஆனால் உடைந்தால் பம்போடு இன்ஜெக்டர், ரெயில், லைன் எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வருவதால் செலவு பத்தாயிரம் டாலரை நெருங்கிவிடும். அதனால்தான் முன்கூட்டியே ஏதாவது செய்ய நினைக்கிறார்கள். வழிகள் மூன்று.

முதலாவது, லிஃப்ட் பம்பும் நல்ல ஃபில்டரும் போட்டு, மசகுச் சேர்மானம் கலந்து ஓட்டுவது. எல்எம்எல்லுக்கு இதில் நிஜமான பலன் உண்டு. காற்றும் தண்ணீரும் பம்புக்குப் போவது குறையும். ஃபோர்டில் ஏற்கனவே லிஃப்ட் பம்ப் இருப்பதால் அங்கே இதற்கு அவ்வளவு மதிப்பில்லை. இது ஆபத்தைத் தள்ளிப்போடும், நீக்காது.

இரண்டாவது, டிசாஸ்டர் கிட் என்று சொல்லப்படும் பைபாஸ் கிட். சிபி4க்குள் வரும் டீசல் முதலில் கேம் சுழலும் அறையை நனைத்துவிட்டு அப்புறம்தான் பிஸ்டனுக்குப் போகிறது. அதனால்தான் கேமில் உதிர்ந்த பொடி நேராக இன்ஜெக்டருக்குப் போகிறது. இந்த கிட் பாதையைப் பிரித்துவிடும். கேம் அறை டீசல் டேங்குக்குத் திரும்பிவிட, பிஸ்டனுக்கு வடிகட்டிய டீசல் தனியாக வரும். விலை சில நூறு டாலர். பம்ப் உடைந்தாலும் இன்ஜெக்டர்கள் தப்பிக்கும் வாய்ப்பு அதிகம்.

இங்கேதான் விளம்பரங்கள் தெளிவாகச் சொல்லாத ஒன்று இருக்கிறது. இந்த கிட் காப்பாற்றுவது உங்கள் பணத்தை. பம்ப் உடைவதை அது தடுப்பதில்லை, உடைந்த அன்று வண்டி அதே மாதிரி நடுவழியில் நின்றுதான் போகும். ஓட்டுபவருக்கும் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் அது கூடுதல் பாதுகாப்பு எதுவும் தரவில்லை. 'பயம் போய்விட்டது' என்று நினைத்து டிரெய்லர் இழுக்கிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

மூன்றாவது, பம்பையே மாற்றுவது. எல்எம்எல்லில் சிபி3 கன்வர்ஷன் நன்கு பழகிப்போன வேலை. கிட்டுக்கே சில ஆயிரம் டாலர், கூலி தனி. சில கிட்டுகளுக்கு இசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ட்யூனிங்கும் வேண்டும், வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் பதிவான வண்டி என்றால் அந்த கிட்டுக்கு மாநிலக் காற்று வாரியத்தின் விலக்கு ஆணை எண் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் புகைப் பரிசோதனையில் மாட்டிக்கொள்வீர்கள். ஃபோர்டு 6.7க்கு டிசிஆர் என்ற வேறொரு பம்புக்கு மாற்றும் கிட்டுகள் கிடைக்கின்றன.

எது சரி என்பதற்கு ராம் வண்டியின் கதையே நல்ல சாட்சி. 2019இல் கம்மின்ஸ் இன்ஜினில் சிபி3ஐ எடுத்துவிட்டு சிபி4.2ஐப் போட்டார்கள். 2021 மாடலில் மறுபடியும் சிபி3. அதே ஆண்டின் இறுதியில் 2 லட்சத்துக்கும் அதிகமான 2019, 2020 வண்டிகளைத் திரும்ப அழைத்து, இலவசமாகப் பம்பை மாற்றித் தர முன்வந்தார்கள். ஜிஎம் 2017இல் வந்த எல்5பி டியூராமேக்ஸில் டென்சோ பம்புக்கே போய்விட்டது.

என் தீர்ப்பு இதுதான். குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் ஓடும் வண்டி, டிரெய்லர் இழுக்கும் வண்டி என்றால் பம்பை மாற்றுங்கள். கையில் பணம் சேரும்வரை, அல்லது ஊருக்குள்ளேயே குறைந்த வேகத்தில் வேலைக்குப் போய்வரும் வண்டி என்றால் பைபாஸ் கிட்டும் எல்எம்எல்லுக்கு லிஃப்ட் பம்பும் போதும். வெறும் சேர்மானத்தை மட்டும் நம்புவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

இன்னொன்று. வண்டி நின்றதெல்லாம் சிபி4ஆல் இல்லை. குறைந்த அழுத்தத்தைக் காட்டும் பி0087 என்ற பிழைக் குறியீடு அடைத்த ஃபில்டராலும் வரும், காற்று இழுக்கும் லைனாலும் வரும். பம்பின் மேல் இருக்கும் மீட்டரிங் வால்வைக் கழற்றி அதன் சல்லடையைப் பாருங்கள். அங்கே மினுமினுப்பு தெரிந்தால் வண்டியை மறுபடியும் ஸ்டார்ட் செய்யாதீர்கள், ஒவ்வொரு கிராங்கும் பொடியை இன்னும் உள்ளே தள்ளும். 2019, 2020 ராம் வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் விஐஎன் எண்ணை (வண்டியின் அடையாள எண்) என்எச்டிஎஸ்ஏ என்ற அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பின் தளத்தில் போட்டு, ரீகால் வேலை முடிந்துவிட்டதா என்று பார்த்துவிடுங்கள்.