வீடியோ திக்குகிறதா? கோடெக் பேக், வேறு பிளேயர், கோப்பு மாற்றம்: எது எப்போது உதவும்?

சத்தம் ஒழுங்காக ஓடுகிறது, படம் மட்டும் திக்கித் திக்கி நகர்கிறது. யாரிடம் கேட்டாலும் மூன்றில் ஒரு வழியைச் சொல்வார்கள்: கோடெக் பேக் போடு, பிளேயரை மாற்று, வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்று. என் பழைய மடிக்கணினியில் மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன். ஒவ்வொன்றும் வேறு வேறு கோளாறுக்கான மருந்து.

முதலில் கோடெக் பேக். கோடெக் என்பது வீடியோவைச் சுருக்கி வைக்கவும் திரும்ப விரிக்கவும் உதவும் முறை; பல கோடெக்குகளை ஒன்றாகக் கட்டித் தருவதுதான் கோடெக் பேக். விண்டோஸோடு வரும் பிளேயர் "இந்தக் கோப்பைத் திறக்க முடியவில்லை" என்று கைவிரித்தால் கே-லைட் போன்ற தொகுப்பு உதவலாம். ஆனால் விஎல்சி என்ற பிளேயரில் படம் திக்குகிறது என்று கோடெக் பேக் நிறுவினால் துளிப் பயனும் கிடையாது. விஎல்சி தனக்கு வேண்டிய கோடெக்குகளைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. விண்டோஸில் நீங்கள் நிறுவியதை அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இது தெரியாமல் இரண்டு தொகுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டேன். அதுவரை நன்றாக ஓடிய வேறொரு பிளேயரும் தகராறு செய்யத் தொடங்கியது.

அடுத்து பிளேயர். 1996-இல் பாரிஸ் மாணவர்கள் தொடங்கிய திட்டத்திலிருந்து வளர்ந்தது விஎல்சி. பாதி இறங்கிய கோப்பு, பழுதான கோப்பு என எதைக் கொடுத்தாலும் முடிந்தவரை ஓட்டிப் பார்க்கும். சத்தமும் உதட்டசைவும் பொருந்தாவிட்டால் ஜே, கே விசைகளால் 50 மில்லிசெகண்டு வீதம் சரிசெய்துகொள்ளலாம். படத்தில் பச்சைக் கட்டங்கள் தெரிந்தால், பிரிஃபரன்ஸஸில் இன்புட்/கோடெக்ஸ் பக்கத்துக்குப் போய் ஹார்டுவேர் டிகோடிங்கை (வீடியோவை விரிக்கும் வேலையை முதன்மைச் செயலியான சிபியுவுக்குப் பதில் கிராஃபிக்ஸ் சிப் செய்வது) அணைத்துப் பாருங்கள். கட்டங்கள் மறைந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர்மீதுதான் சந்தேகம்; அதைப் புதுப்பித்த பிறகு மறுபடி இயக்கிக்கொள்ளலாம்.

எம்பிவி என்ற பிளேயர் இதற்கு நேர் எதிர். மெனுக்கள் இல்லாத வெறும் திரையைப் பார்த்ததும் பலர் மூடிவிடுகிறார்கள். எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல கருவி நான் பார்த்ததில்லை. வீடியோ ஓடும்போது 'ஐ' விசையை அழுத்தினால் கோடெக் எது, ஹார்டுவேர் டிகோடிங் நடக்கிறதா, எத்தனை ஃபிரேம்கள் (வீடியோவின் தனித்தனிப் படங்கள்) தவறின என்று திரையிலேயே காட்டும். கண்ட்ரோலோடு எச் அழுத்தினால் ஹார்டுவேர் டிகோடிங் அங்கேயே மாறும். மாற்றியதும் ஃபிரேம்கள் தவறுவது நின்றால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. அன்றாடம் பார்க்க விஎல்சி, சோதிக்க எம்பிவி: இதுதான் என் தேர்வு. எம்பிசி-எச்சி என்ற பிளேயரும் இலகுவானது, ஆனால் விண்டோஸுக்கு மட்டும்.

எந்தப் பிளேயரும் தாண்ட முடியாத ஒரு எல்லை உண்டு. இப்போது பல கைபேசிகள் எச்.265 என்ற கோடெக்கில் பதிவு செய்கின்றன. அந்தத் தரநிலை வந்தது 2013-இல். இன்டெல் சிப்களை எடுத்துக்கொண்டால், 2015-இல் வந்த ஆறாம் தலைமுறையில்தான் அதற்கு முழுமையான ஹார்டுவேர் டிகோடிங் கிடைத்தது. நிறங்களை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 10-பிட் வீடியோவுக்கு ஏழாம் தலைமுறை வேண்டும், ஏவி1 என்ற இன்னொரு கோடெக்குக்குப் பதினொன்றாம் தலைமுறை. அதற்கு முந்தைய கணினியில் மொத்தச் சுமையும் சிபியுமீது விழுகிறது. 4கே என்றால் அது தாங்காது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள், சிபியு நூறு சதவீதத்தை ஒட்டி நிற்கும்.

கோப்பை மாற்றும் வழி வெல்லும் இடம் இதுதான். வீடியோவை மாற்றும் மென்பொருளான ஹேண்ட்பிரேக்கில் எச்.264 என்ற பழைய கோடெக், 1080பி என்று வைத்து மாற்றினால் பழைய கணினியிலும் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் நேரம் பிடிக்கும், தரம் கொஞ்சம் குறையும். மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள், நாளை நல்ல கணினி வாங்கினால் அதுதான் வேண்டும். எம்கேவி என்ற உறையில் (படத்தையும் சத்தத்தையும் ஒன்றாகச் சேர்த்து வைக்கும் கோப்பு வடிவம்) இருப்பதால் மட்டும் ஏதாவது சாதனம் கோப்பை ஏற்க மறுத்தால் இவ்வளவு பாடு தேவையில்லை. உள்ளே உள்ள கோடெக் அந்தச் சாதனத்துக்குத் தெரிந்ததாக இருந்தால் போதும். எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளின் காப்பி முறையில் உறையை மட்டும் எம்பி4 ஆக மாற்றலாம். தரம் துளியும் குறையாது, வேலையும் சீக்கிரம் முடியும்.

அப்புறம் ஒன்று: கோப்பு பென்டிரைவில் இருந்தால், இதற்கெல்லாம் முன்பு அதைக் கணினிக்குள் நகலெடுத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்; பென்டிரைவின் மெதுவான வேகமே திக்கலுக்குக் காரணமாக இருக்கலாம்.