ஹர் கி தூன் போகிறவர்களுக்கு: "எல்லாம் அடக்கம்" என்பதை நம்பி முழுப்பணம் கட்டாதீர்கள்

உத்தராகண்டில் சாங்க்ரியிலிருந்து தாலுகா, கங்காட், ஓஸ்லா கிராமங்கள் வழியாக ஹர் கி தூன் பள்ளத்தாக்குக்குப் போகும் நடைப்பயணம் இது. ஸ்லீப்பிங் பேக், ஷூ, ஆக்சிஜன், ஓஸ்லாவில் கிராமத்து வீட்டில் தங்கல், பூங்கா நுழைவுக் கட்டணம் எல்லாம் அடக்கம் என்று சொல்லி, ஒரு நிறுவனம் எங்கள் குழுவிடம் முழுப்பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டது. பெயர் வேண்டாம். எப்படி ஏமாற்றினார்கள் என்பது தெரிந்தால் போதும்.

ஸ்லீப்பிங் பேக்கின் உறையில் "-10 டிகிரி" என்று பெரிதாக இருந்தது. உள்ளே தைத்திருந்த சீட்டைப் பார்த்தால் அது எக்ஸ்ட்ரீம் அளவு. ஐஎஸ்ஓ 23537 தரமுறையில் கம்ஃபர்ட் (நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர்), லிமிட், எக்ஸ்ட்ரீம் என அளவுகள் உண்டு. எக்ஸ்ட்ரீம் என்பது சில மணி நேரம் உயிர் தாங்கும் எல்லை, அதில் தூங்க முடியாது. அத்தகைய பையின் கம்ஃபர்ட் அளவு பூஜ்யத்துக்கு மேல்தான் இருக்கும். ஹர் கி தூன் 3,500 மீட்டருக்கு மேல். அக்டோபர் கடைசி இரவுகள் உறைநிலைக்குக் கீழே போகும். கம்ஃபர்ட் -5 ஆவது இருக்கும் பையைக் கேளுங்கள். சாங்க்ரியிலேயே விரித்து உதறி அரைமணி நேரம் விடுங்கள். உப்பி வரவில்லையென்றால் உள்ளிருக்கும் பஞ்சு செத்துவிட்டது. மாதக்கணக்கில் அமுக்கிக் கட்டியே வைத்திருந்தால் அப்படித்தான் ஆகும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பஞ்சு விலகிய இடங்கள் தெரியும். ஜிப்பை முழு நீளத்துக்கும் இருமுறை இழுத்துப் பாருங்கள். உடம்புக்கு அடியில் நசுங்கும் பஞ்சு குளிரைத் தடுக்காது, அதனால் ஃபோம் விரிப்பும் கட்டாயம்.

வாடகை ஷூவின் அடிப்பாகம் நடுவழியில் கழன்றது. பாலியூரிதேன் நடு அடுக்கு, ஈரக் கிடங்கில் கிடந்தால் பயன்படுத்தாமலே உதிரும். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்; பொடிந்தால் வேண்டாம்.

ஆக்சிஜன் என்று காட்டியது ஸ்ப்ரே டப்பா. 10 லிட்டர் டப்பா, நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் ஐந்தே நிமிடம் வரும். இதை நம்பி மலைக்கு ஆள் கூட்டிப் போவது பெரும் குற்றம். அழுத்தமானி உள்ள சிலிண்டரைக் கேளுங்கள். கொள்ளளவை அழுத்தத்தால் பெருக்கினால் உள்ளிருக்கும் காற்று தெரியும்: 1.7 லிட்டர் சிலிண்டர் 150 பாரில் சுமார் 255 லிட்டர், அதே வீதத்தில் இரண்டு மணி நேரம். முகமூடியும் ரெகுலேட்டரும் அதே பையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஓஸ்லா வீடு கிடைக்கவில்லை. எதிர்க்கரையில், சீமாவில் கூடாரம் போட்டார்கள். அந்த வீட்டுக்காரருக்கு நாங்கள் வருவதே தெரியாது. வீட்டுத் தங்கலுக்கான தொகையைத் தனியாகப் பிரித்து, அங்கேயே ரொக்கமாகத் தருவதாகப் பேசிக்கொள்ளுங்கள். அந்த ரொக்கத்தை, சாங்க்ரிக்கு முன்பு வழியில் வரும் புரோலா ஊரிலேயே எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, மேலே தங்கும் ஓர் இரவை வெட்டி, ஓஸ்லாவிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப வைத்தார்கள். சுமார் 1,000 மீட்டர் ஏறி இறங்கும் நாள் அது. எந்த இரவு எந்த இடத்தில் என்பதை முன்பதிவின்போதே எழுத்தில் வாங்குங்கள். பூங்கா நுழைவுச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள்.

பணம் திரும்பக் கேட்க விளம்பரப் படம், வாட்ஸாப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, பையின் உள்சீட்டுப் படம் ஆகியவை தேவை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம்.