குட்டியானையில் பதினோரு வருஷம்: போர் மோட்டார் வேலைக்கு வண்டியில் எதை வைத்திருக்கிறேன், எதை இறக்கிவிட்டேன்

போர் மோட்டார், அதாவது ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்குகிற மோட்டார், அதைக் கழற்றி மாட்டுவதுதான் எனக்குத் தொழில். 2014-ல் பல்லடத்தில் ஒரு பழைய டாடா ஏஸ் வாங்கினேன், நம்ம பக்கம் எல்லோரும் சொல்கிற குட்டியானைதான், இன்றைக்கு வரைக்கும் அதுதான் கடை, அதுதான் பட்டறை. குண்டடம், காங்கேயம், வெள்ளக்கோவில், தாராபுரம் என்று தோட்டம் தோட்டமாகப் போகிற ஆளுக்கு ஒரு போல்ட்டு இல்லையென்றால் டவுனுக்குப் போய்வர அரை நாள் ஓடிவிடும். அதற்குள் த்ரீ பேஸ் கரண்ட் போய்விடும், மாடு கன்று கட்டுத்தரையில் தண்ணிக்குக் கத்திக்கொண்டு நிற்கும். கோழிப்பண்ணையாக இருந்தால் இன்னும் மோசம், சித்திரை வெயிலில் கோழிக்கு இரண்டு மணி நேரம் தண்ணி நின்றால் என்ன ஆகும் என்று பண்ணை வைத்தவர்களைக் கேட்டால் தெரியும்.

புதிதாக வண்டி எடுக்கிற தம்பிகள் "அண்ணா, என்னென்ன சாமான் வாங்கி வைக்கட்டும்" என்று கேட்கும்போது பைப்பைச் சங்கிலியில் தூக்குகிற செயின் பிளாக், பைப் ரிஞ்ச் என்று இரும்பில் இருந்துதான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது என்னைக் கேட்டால் முதல் காசை அளக்கிற சாமானுக்குப் போடச் சொல்வேன்: ஒயரைக் கவ்வி எத்தனை ஆம்ப் ஓடுகிறது என்று காட்டுகிற ஒரு கிளாம்ப் மீட்டர், ஒயரில் இருந்து கரண்ட் கசிகிறதா என்று காட்டுகிற ஒரு மெக்கர். இரும்பெல்லாம் அப்புறம்.

ஏன் என்று சொல்கிறேன். வெள்ளக்கோவில் பக்கம் ஒரு தோட்டம், வயதான அம்மா தனியாக நான்கு மாடு வைத்துப் பார்க்கிறார். எனக்கு முன்னால் இரண்டு பேர் வந்து பார்த்திருக்கிறார்கள். "மோட்டார் காயில் போச்சுன்னு சொல்லிப்போட்டுப் போயிட்டாங்க கண்ணு, எடுத்துக் கட்டோணுமா?" என்றார். உள்ளே 27 லென்த் ஜிஐ இரும்புப் பைப், ஒரு லென்த் 20 அடி. எடுத்து இறக்க ஆள் கூலி, காயில், அதாவது மோட்டாருக்குள்ளே இருக்கிற ஒயர்ச் சுற்று, அதைக் கட்டுகிற செலவு, மூன்று நாள் தண்ணி இல்லாமல் கிடப்பது, எல்லாம் அந்த ஒரு கேள்வியில் இருந்தது. "பொறுங்க ஆத்தா, அளந்து பார்த்துட்டுச் சொல்றனுங்க" என்று சொல்லிவிட்டு ஃபியூஸ் கட்டை மூன்றையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போர் வாய்க்குப் போனேன். அங்கே ஜாயிண்ட்டைப் பிரித்து, மோட்டார் பக்கத்து ஒயருக்கும் பைப்புக்கும் நடுவில் மெக்கர் வைத்தால் இருபது மெகா ஓமுக்கு மேல் காட்டுகிறது. மூன்று ஒயருக்கும் நடுவில் ஓம் பார்த்தேன், மூன்றும் ஒன்றுபோல இருந்தது. மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்டார்டர் பக்கம் போகிற கேபிளை அந்த முனையிலும் கழற்றிவிட்டு மெக்கர் வைத்தேன், பூஜ்யம். மண்ணில் பைப் இல்லாமல் புதைத்த கேபிள், வாய்க்கால் வெட்டும்போது மம்முட்டி பட்டிருக்கிறது, தோண்டிப் பார்த்தால் அந்த இடத்து மண்ணே கருகிக் கிடந்தது. வண்டியில் நூறடி கேபிள் இருந்தது. முக்கால் மணி நேரத்தில் தொட்டியில் தண்ணி விழுந்தது.

அந்த மெக்கரை 5,000 ரூபாய் சொச்சத்துக்கு வாங்கினேன், 500 வோல்ட் வைக்கிற டிஜிட்டல் மெக்கர். 415 வோல்ட் மோட்டாருக்கு அது போதும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் நான் மோட்டாரை ஓட்ட மாட்டேன். மெக்கர் வைக்கும் முன்னால் பேனல் போர்டில் இருந்து ஒயரைக் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் போர்டில் இருக்கிற எலெக்ட்ரானிக் சாமான் போய்விடும். இன்னொன்று, மெக்கர் நன்றாகக் காட்டினால் மோட்டார் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. காயில் அறுந்திருந்தாலும் உள்ளுக்குள்ளே சுற்று சேர்ந்திருந்தாலும் மெக்கருக்குத் தெரியாது, அதற்குத்தான் மூன்று ஒயருக்கும் ஓம் பார்ப்பது.

கிளாம்ப் மீட்டர் அதைவிடப் பேசும். த்ரீ பேஸ் மோட்டார் ஒரு ஹெச்பிக்கு ஏறக்குறைய ஒன்றரை ஆம்ப் இழுக்கும், இது எங்கள் தொழிலில் வாய்க்கணக்கு. 7.5 ஹெச்பி மோட்டார் 11, 12-ல் ஓட வேண்டியது 17 காட்டினால் உள்ளே எங்கேயோ பிடிக்கிறது, இல்லையென்றால் வோல்டேஜ் படுத்திருக்கிறது. ஐந்தாறு ஆம்பில் ஓடி மேலே தண்ணியும் வரவில்லை என்றால் போரில் தண்ணி இல்லாமல் இருக்கும், அல்லது மோட்டாரையும் பம்பையும் சேர்க்கிற கப்ளிங் அறுந்திருக்கும். ஒரு ஒயரில் பூஜ்யம், மற்ற இரண்டிலும் ஏகத்துக்கும் ஏறினால் ஒரு பேஸ் இல்லை, உடனே நிறுத்த வேண்டும். டெஸ்டரை மட்டும் நம்பிக் காயிலைக் கருக்கினவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். மோட்டார் ஓடும்போது ஒரு பேஸ் போய்விட்டாலும் காயில் வழியாகத் திரும்பி வருகிற கரண்டில் டெஸ்டர் மூன்றிலும் எரியும். பேஸுக்கும் பேஸுக்கும் நடுவில் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். மீட்டர் பேட்டரி தீர்ந்துபோன நாளுக்கு, இரண்டு 230 வோல்ட் குண்டு பல்பை சீரிஸில் கட்டின ஒரு டெஸ்ட் லாம்ப் வண்டியில் தொங்குகிறது. ஒரே பல்பு என்றால் 415-ல் வெடித்துவிடும்.

சரி, இரும்புக்கு வருகிறேன். கணக்குப் போட்டுப் பார்க்காமல் செயின் பிளாக் வாங்காதீர்கள். 2 இஞ்ச் ஜிஐ பைப் மீடியம் கிளாஸ் ஒரு லென்த், அதாவது 20 அடி, 30 கிலோவுக்கு மேல். 600 அடிக்கு 30 லென்த், 900 கிலோ தாண்டிவிடும். தண்ணியைத் திரும்ப இறங்கவிடாத வால்வு (நான்-ரிட்டர்ன் வால்வு) பிடித்திருந்தால் பைப்புக்குள் நிற்கிற தண்ணியே 400 கிலோ வரும். மோட்டார், பம்பு, கேபிள் எல்லாம் சேர்த்தால் 1,400 கிலோ. குட்டியானை ஏற்ற வேண்டிய எடையே முக்கால் டன்தான், அதைப்போல இரண்டு பங்கு கிட்ட அந்தச் சங்கிலியில் தொங்குகிறது. ஒரு டன் பிளாக்கை வைத்து இதை இழுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். நான் மூன்று டன் வைத்திருக்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை சங்கிலியை டீசலில் கழுவி ஒவ்வொரு கண்ணியாகக் கையில் உருட்டிப் பார்ப்பேன், கொக்கி வாய் விரிந்திருக்கிறதா என்றும் பார்ப்பேன். 600 அடிக்கு மேல் பைப் இறங்கின போருக்கு நான் செயின் பிளாக் தொங்குகிற முக்காலி போடுவதே இல்லை, பைப் தூக்குகிற மெஷின் லாரிக்காரரைக் கூப்பிட்டுவிடுவேன்.

பைப்பைப் போர் வாயில் பிடித்து நிறுத்துகிற கிளாம்பு விஷயத்தில் ஒருமுறை பட்டேன். 2017-ல் விலை குறைவு என்று ஒரு கடையில் பைப் கிளாம்பு ஜோடி வாங்கினேன், இரும்பு இளசு. பத்துப் போர் எடுப்பதற்குள் பல் மழுங்கிவிட்டது, எனக்குத் தெரியவில்லை. கொடுவாய் பக்கத்தில் பைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது மழைத் தூறல், பைப் ஈரம், கிளாம்பு வழுக்கி 14 லென்த்தும் மோட்டாரும் கண்முன்னால் உள்ளே போனது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கூட இருந்த பையன் கையை எடுத்திருந்தான், அதுவே பெரிய விஷயம். மீன் பிடிக்கிற மாதிரிக் கொக்கி விட்டு ஒன்றரை நாளில் எடுத்தோம், கேபிள் முழுசும் என் செலவு. அதற்கப்புறம் கிளாம்பை லேத்தில் சொல்லி அடித்துத்தான் வாங்குகிறேன், எப்போதும் இரண்டு ஜோடி, போல்ட்டு ஹை டென்சைல். பம்போடு சேர்த்து நைலான் கயிறு கட்டாமல் ஒரு போரிலும் இறக்குவதில்லை, தோட்டத்துக்காரர் வேண்டாம் என்றாலும் என் கயிற்றைக் கட்டிவிடுவேன்.

பைப் ரிஞ்ச் டபாரியா கம்பெனி, 24 இஞ்ச் இரண்டு, 18 இஞ்ச் ஒன்று. வாங்கினதில் இருந்து தாடையை ஒருமுறை மாற்றினேன், அவ்வளவுதான், அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

ஜாயிண்ட் சாமான்தான் என் வண்டியில் ராஜா. உள்ளே 500 அடி ஆழத்தில் தண்ணிக்குள் கிடக்கப் போகிற ஜாயிண்ட், அதை மேலே நின்று யாரும் சரிசெய்ய முடியாது. ஃபிளாட் கேபிளின் மூன்று ஒயரையும் ஒரே இடத்தில் வெட்டாமல் மூன்று இஞ்ச் தள்ளித் தள்ளி வெட்டுவேன், அப்போதுதான் ஜாயிண்ட் குண்டாகாமல், போருக்குள் இறக்கின கேசிங் குழாயில் உரசாமல் இறங்கும். செம்புக் குழாயில் இரண்டு முனையையும் விட்டு கிரிம்பிங் பிளேயரில் அமுக்கி, கூராக நிற்கிற ஓரத்தை அரத்தால் தேய்த்து, மேல்தோலை உப்புக் காகிதம் போட்டுச் சொரசொரப்பாக்கித் துணியால் துடைப்பேன். கையில் கிரீஸ் இருந்தால் அந்தக் கையால் டேப்பைத் தொடக் கூடாது. ரப்பர் டேப்பை இரண்டு மடங்கு நீளுகிற அளவுக்கு இழுத்து, சுற்றின சுற்றில் பாதி மேலே அடுத்த சுற்று ஏறும்படிச் சுற்ற வேண்டும், மேலே பிவிசி டேப். முடிந்ததும் பக்கெட் தண்ணியில் ஜாயிண்ட்டை முக்கி அரை மணி நேரம் ஊறவிட்டு, ஒயருக்கும் தண்ணிக்கும் மெக்கர் வைப்பேன். ஊறுகிற நேரத்தில் டீ குடித்துக்கொள்ளலாம். மெக்கரில் ஓம் இறங்காமல் நின்றால்தான் இறக்குவேன். டேப்பை டேஷ்போர்டில் மட்டும் வைத்துவிடாதீர்கள், பங்குனி வெயிலில் பசை உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், எனக்கு ஒரு டஜன் அப்படிப் போனது. இப்போது சீட்டுக்கு அடியில் பழைய டிபன் பாக்ஸில் இருக்கிறது.

பக்கெட் என்றதும் ஞாபகம் வருகிறது, 20 லிட்டர் கேனில் நல்ல தண்ணி எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும். உள்ளே தண்ணி நிரப்பி ஓட்டுகிற மோட்டாரை வெறும் வயிற்றோடு இறக்கக் கூடாது, நம்ம பக்கத்துப் போரில் வருகிற உப்புச் சப்பைத் தண்ணியையும் கலங்கல் தண்ணியையும் ஊற்றினால் பேரிங் சீக்கிரம் தேயும்.

சில்லறைச் சாமானுக்குத் தக்காளிப் பெட்டிகள்தான், உடுமலை மார்க்கெட் பக்கம் பழையதாகக் கிடைக்கும். ஒரு பெட்டியில் ஸ்டார்டருக்குப் போடுகிற காண்டாக்டர், ஓவர்லோட் ரிலே, ஃபியூஸ் ஒயர். ஒன்றில் வீட்டு சிங்கிள் பேஸ் போர்டுக்கு 36, 50 எம்எஃப்டி ரன் கெப்பாசிட்டர் (கழற்றினதும் உள்ளே நிற்கிற சார்ஜைப் பல்பு வைத்து இறக்கிவிட்டுத்தான் தொடுவது). இன்னொன்றில் அடாப்டர், ரப்பர் புஷ், ஹேக்சா பிளேடு. பெட்டிக்குப் பெட்டி இடம் மாறக் கூடாது, இருட்டில் கையை விட்டால் வர வேண்டும். பழைய பெயிண்ட் பிரஷ் ஒன்றும் இருக்கிறது, பார்த்தால் ஒன்றுமில்லாத சாமான், ஆனால் ஸ்டார்டர் பெட்டிக்குள் எறும்பு புகுந்து காண்டாக்ட் நடுவில் நசுங்கி மோட்டார் எடுக்காமல் போவது மாதத்துக்கு இரண்டு தடவையாவது வரும். மெயினை இறக்கிவிட்டுத் தட்டினால் முடிந்தது வேலை. பெட்டியைத் திறக்கும் முன்னால் குச்சியால் தட்டி ஒதுங்கி நிற்பேன், குளவியும் இருக்கும், விரியனும் இருக்கும். பாம்பு கடித்தால் கீறவும் கூடாது கட்டவும் கூடாது, 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், இதைக் கூட வருகிற பையன்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன்.

இறக்கிவிட்ட சாமானும் உண்டு. வெல்டிங் செட்டை ஒரு வருஷம் சுமந்தேன், இரண்டு தடவைதான் எடுத்தேன், டீசலைத்தான் தின்றது. 100 பீஸ் சாக்கெட் பெட்டி ஒன்று வாங்கினேன், அதில் ஆறு அளவு தவிர எதையும் தொடவில்லை, அந்த ஆறும் முனை உருண்டுவிட்டது. அதற்குப் பதிலாக பேட்டரி கிரைண்டர் வாங்கினது உருப்படி, துருப்பிடித்த போல்ட்டை அறுக்க வேண்டிய இடத்தில் கரண்ட்தானே இருக்காது. தலையில் மாட்டுகிற லைட்டும் அப்படித்தான்.

வண்டிக்கு என்று பார்த்தால் ஸ்டெப்னி இரண்டு, வேலிகாத்தான் முள் ஒன்றோடு விடாது. ஜாக்கிக்கு அடியில் போட ஒரு பலகை. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வரும்போது தார்ப்பாயைக் கட்ட ரப்பர் கயிறு பத்தாது, நைலான்தான். அம்மியே பறக்கும் என்கிற காற்றில் முக்காலியும் நிற்காது, பலமாக அடிக்கிற நாளில் பைப் தூக்குகிற வேலையை அடுத்த நாளைக்குத் தள்ளிவிடுவேன்.

கடைசியாக ஒரு நோட்டு. எந்தத் தோட்டம், எத்தனை லென்த், எத்தனை ஹெச்பி, ஜாயிண்ட் எந்த அடியில், அன்றைக்கு எத்தனை ஆம்ப் இழுத்தது, மெக்கர் எவ்வளவு காட்டியது, எல்லாம் தேதி போட்டு எழுதி பிளாஸ்டிக் கவரில் வைத்திருக்கிறேன். போன வாரம் வெள்ளக்கோவில் அம்மா கூப்பிட்டார், தண்ணி விட்டு விட்டு வருகிறதாம், இன்னும் 60 அடி இறக்கிப் பார்க்கலாமா என்று கேட்டார். நோட்டைப் பிரித்தேன்: 27 லென்த், 2 இஞ்ச், போர் ஆழம் 720. மூன்று லென்த் பைப்பும் எழுபதடி கேபிளும் ராத்திரியே ஏற்றிக் கட்டிவிட்டேன், ரப்பர் டேப் இரண்டு புதுசு.